கிணற்றடிச் சிப்பிகளை எடுக்க மாட்டேன்

என் கண்ணு,

நேற்று நீ போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றுபோனது. நீ இருக்கும் காந்தலூர் மலையில் சிக்னல் வருவதும் போவதும் வழக்கம்தானே என்று நினைத்திருப்பாய். நேற்று சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன். கோபத்தில் பேசினால் வார்த்தை தடித்துவிடும், எழுதினால் நிதானமாகக் கோபப்படலாம் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கடிதம். கல்யாணம் ஆகப்போகும் மகனுக்கு அம்மா எழுதுகிற கடிதம் என்றால் கண்ணீரும் மன்னிப்பும் இருக்கும் என்று எதிர்பார்ப்பாய். இரண்டும் இதில் இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது தேடாதே.

நீ சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன், சரியாகக் கேட்டேனா என்று நீயே பார்த்துக்கொள். "பெரியப்பா ரெண்டே ரெண்டுதானுங்கம்மா கேக்கறாரு. கெணத்தச் சுத்தி இருக்கற சிப்பியெல்லாம் பேத்து எடுத்துரோணுமாம். அப்பறம் தாலி கட்டி முடியற வரைக்கும் நீங்க மணவறப் பக்கம் வராம உள்ளாற இருந்துக்கோணுமாம். அப்படீன்னா அப்பா ஸ்தானத்துல வந்து உக்காருறேங்கறாரு. ஒரு நாள்தானுங்கம்மா, உட்டுக் குடுங்க." இதுதானே நீ சொன்னது? விட்டுக் கொடுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதை ஒரே ஒரு முறை செய்தேன். பொன்னானிக் கடற்கரையில், உன் அப்பாவின் அஸ்தியைக் கரைத்த அன்றைக்கு. அந்த நாளைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. கடலைப் பார்த்த சந்தோஷம் மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கும், அது உன் தப்பில்லை.

நம் குடும்பத்தில் யார் போனாலும் கல்பாத்திப் புழை ஆற்றில்தான் கரைப்போம். எலப்புள்ளியிலிருந்து புறப்பட்டால் காலை வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். உன் தாத்தாவுக்கும் அப்படித்தான் நடந்தது. உன் அப்பாவுக்கு மட்டும் உன் பெரியப்பா கடல் என்றார். "சின்ன வயசுச் சாவு. பொழைல உட்டா அடங்காது. கடலுக்குக் கொண்டுபோனாத்தான் ஆத்மா அடங்கும்" என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயலில் விழுந்த மனுஷன், முப்பத்தைந்தைக்கூடத் தாண்டவில்லை. அவர் அடங்க வேண்டும் என்று சொன்னால் நான் என்ன மறுப்பேன்? வேன் பிடித்து வைத்ததும் அவர்தான். கரைத்து முடித்ததும், "அம்முணி, திரும்பிப் பாக்காம நடக்கோணும். இங்கிருந்து ஒரு துரும்பக்கூட ஊட்டுக்குக் கொண்டுபோகப்படாது. சீலைல ஒட்டுன மண்ணக்கூட ஒதறிட்டு ஏறு. உட்டது உட்டதாவே இருக்கோணும்" என்றார். நான் உதறினேன். தலையைக் குனிந்துகொண்டு நேராக நடந்தேன். நீதான் என் கையை உதறிவிட்டு அலையை நோக்கித் திரும்பி ஓடினாய். உன்னைப் பிடிக்க நானும் திரும்பினேன், பார்த்தேன். கடல் பாட்டுக்குக் கடலாக இருந்தது. மணல் முழுக்க ஏதேதோ மின்னிக்கொண்டு கிடந்தது.

வீட்டுக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நம் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருந்தது. உன் பெரியம்மாவின் தம்பிகள் அப்போதுதான் கடப்பாரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உன் தாத்தா வெட்டிய பொதுக்கிணறு அது. காலையில் என் புருஷனை நான் கடலில் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே என்னைக் கிணற்றிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்பாத்தி போதாமல் கடல் வரைக்கும் எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. ஏன் மாமா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை நான் இன்றைக்கும் அச்சுப் பிசகாமல் சொல்வேன்: "வெடியால எந்திரிச்சு வெளிய வந்தா, கெணத்தடில வெறும் நெத்தியோட நீ நின்னீன்னா எப்படி அம்முணி? எனக்கும் புள்ள குட்டி இருக்குதில்ல. ரோட்டுக் கொழாய்ல தண்ணி வருது, புடிச்சுக்க."

பஞ்சாயத்துக்கும் போனேன், வில்லேஜ் ஆபீசுக்கும் போனேன். பாகம் பிரிக்காத சொத்து, கேஸ் போட்டால் உங்கள் பையன் கல்யாண வயதுக்கு வந்துவிடுவான் என்று சொல்லி அனுப்பினார்கள். நீ வந்துவிட்டாய், பார்.

ஆனால் அன்றைக்கு மாலையே எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. கம்பிக்கு இந்தப் பக்கம் உன் டவுசரைக் கழற்றி உதறினேன். பையிலிருந்து ஒரு கிளிஞ்சல் விழுந்தது. வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் ஊதா, உன் காது அளவுதான் இருக்கும். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற உன் பெரியப்பா இரண்டடி பின்னால் போனார். முகத்தில் ரத்தமே இல்லை. "கடல்ல உட்டதக் கொண்டாந்துட்டீங்களே பாவிகளா! எடுத்துத் தூர எறி!" என்று கத்தினார். ஊரில் பெரிய மனுஷன், பஞ்சாயத்தில் கை நீட்டிப் பேசுகிறவர், ஒரு கிளிஞ்சலுக்கு நடுங்குகிறார். எனக்கு அன்றைக்கு அழுகை நின்றது. கிளிஞ்சலை எடுத்துக் கழுவி, கிணற்றுப் பக்கம் இருந்த கல்லுக்காலின் தலையில் வைத்தேன். மறுநாள் காலையில் அவர் அந்த மூலைக்கு வரவில்லை. சுற்றிக்கொண்டு வந்துதான் தண்ணீர் சேந்தினார். ஒன்றுக்கே இப்படி என்றால் ஒரு கூடை கொண்டுவந்தால் என்ன என்று நினைத்தேன். என் கடல் பயணம் ஆரம்பித்த கதை இதுதான் கண்ணு. ஊரில் யாராவது பக்தி என்றோ, புருஷன் ஞாபகம் என்றோ உன்னிடம் சொன்னால் நம்பாதே. சுத்தமான வஞ்சம்.

கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அமாவாசைக்கு லீவு கேட்டேன். "எல்லா மாசமும் திதியோ சேச்சீ?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "எங்காளுங்களுக்கு எல்லா மாசமும்தானுங்க சார்" என்றேன். கோட்டயத்துக்காரருக்கு நம் வழக்கம் என்ன தெரியும்? உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மாலையில் சரோஜா அக்கா வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போவேன். கஞ்சிக்கோட்டில் பாசஞ்சர், குற்றிப்புறத்தில் இறங்கி பஸ், பொன்னானி. அமாவாசையைத் தேர்ந்தெடுத்தது லீவுக்காகத்தான். போன பிறகுதான் தெரிந்தது, அன்றைக்குத்தான் கடல் நன்றாக உள்வாங்கும், மற்ற நாளில் தண்ணீருக்கு அடியில் இருக்கிற இடமெல்லாம் வெளியே வந்து கிடக்கும் என்று. ஊரே முன்னோருக்காக முழுகி எழுந்து போன பிறகு, கரை முழுக்க எனக்குத்தான்.

முதல் தடவை போனபோது கூடையை நிரப்பினால் போதும் என்று வெறி பிடித்தவள் மாதிரி பொறுக்கினேன். உடைந்தது, ஓட்டை விழுந்தது, பாசி பிடித்தது எல்லாவற்றையும் அள்ளினேன். உயிருள்ள சிப்பி, மட்டி என்பார்கள், அதுவும் கிடைத்தது. அலை பின்வாங்கும்போது ஈர மணலில் குதிகாலை ஊன்றித் திருகினால் விரலுக்குக் கீழே குறுகுறுவென்று நகரும். குனிந்து தோண்டினால் விரல் நகம் அளவில் மட்டி. மண்ணைத் திருகிக் கடலை பிடுங்கின கைக்கு அது புதிது இல்லை. விதைக்காமலே விளைந்து கிடக்கிறதே என்றுதான் ஆச்சரியம். நான் தோட்டக்காரி. ஒரு பிடி அறுக்க வேண்டும் என்றால் உழுது, களை எடுத்து, தண்ணீருக்குச் சண்டை போட்டு, மயில் தின்றது போக மிச்சத்துக்குக் காத்திருந்து பழகியவள். இங்கே குனிந்தால் போதும். யாரும் வேலி போடவில்லை, யார் முகத்தில் யார் விழிக்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை. வஞ்சம் தீர்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அந்த மட்டியை வைத்து நான் செய்த கூத்தைக் கேள். உயிரோடு இருக்கட்டும் என்று ராத்திரி குழாய்த் தண்ணீரில் போட்டு வைத்தேன். நல்ல தண்ணீர்தானே, மீனுக்கு ஆகும் என்றால் இதற்கும் ஆகும் என்று கணக்கு. உப்பில் பிறந்தது நல்ல தண்ணீரில் செத்துப்போகும் என்று எனக்கு எங்கே தெரியும்? காலையில் வாளியைத் திறந்தால் அப்படி ஒரு நாற்றம். கம்பி ஓரத்தில் குழி தோண்டிக் கொட்டினேன். தை மாதம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. நம் வீடு கிழக்கு, அவர் வீடு மேற்கு. எங்கே போயிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். அவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சோறு உண்டார்கள். அடுத்த தடவை கடல் தண்ணீரையே ஒரு கேனில் பிடித்துக்கொண்டு வந்து ஊறப்போட்டேன். மணலையெல்லாம் துப்பிவிட்டு வாயைத் திறந்தது. சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் தேங்காயும் வறுத்து அரைத்து, நம் கோழிக் குழம்புக்கு வைக்கிற மாதிரியே வைத்தேன். நீ கிண்ணத்தை நக்கினாய். அந்த வாசனையும் மேற்கேதான் போனது.

நீயும் என்னோடு சில தடவை வந்தாய். பிறகு உனக்கு அலுத்துவிட்டது, பந்து விளையாடப் போய்விட்டாய். அதனால் நீ கற்றுக்கொள்ளாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். அலை கடைசியாக எதுவரைக்கும் ஏறியதோ அங்கே ஒரு கோடு விட்டுப்போகும். சருகும் நுரையும் கயிற்றுத் துண்டுமாக. அதை ஒட்டி நட. தூரத்தில் என்ன மின்னுகிறது என்று ஓடாதே, கிட்டே போனால் பாலிதீன் பையாக இருக்கும். காலடியில் பார். போகும்போது காற்றுக்கு எதிரே போ, திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொள், களைத்த நேரத்தில் அது தள்ளிக்கொண்டு வரும். வந்த வழியிலேயே திரும்பு. வெளிச்சம் வேறு பக்கம் விழுந்திருக்கும். போகும்போது தாண்டிப் போனது திரும்பும்போதுதான் கண்ணில் படும். எனக்கு நல்ல சிப்பிகள் எல்லாம் திரும்பி வரும்போது கிடைத்தவைதான். திரும்பிப் பார்க்காதே என்று என்னிடம் சொன்ன மனுஷனை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

என்னவெல்லாம் கிடைத்தது தெரியுமா? அலை தேய்த்துத் தேய்த்து முனை மழுங்கின பச்சைக் கண்ணாடி, நாக்கில் வைத்தால் கற்கண்டு என்று ஏமாந்துபோவாய். வெள்ளைக் கட்டியாக மிதந்து வரும் கடல்நுரை, கணவாய் மீனின் முதுகெலும்பு அது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக்கொள்வார்கள், நான் சரோஜா அக்காவின் கிளிக்குக் கொடுத்தேன். ஒற்றைச் செருப்புகள், எப்போதும் ஒற்றைதான். வலையில் கட்டும் தக்கை. ஒரு நாள் ஒரு பனங்கொட்டை கிடந்தது, நார் எல்லாம் போய் மொட்டையாக. பொன்னானியில் ஏது பனை? நம் ஊரில் பனையிலிருந்து விழுந்தது கோரையாற்றில் உருண்டு, கல்பாத்திக்குப் போய், பாரதப்புழையில் சேர்ந்து அத்தனை தூரம் வந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். கல்பாத்தியில் கரைத்திருந்தாலும் உன் அப்பா இங்கேதான் வந்து சேர்ந்திருப்பார். அந்த மனுஷன் சொன்ன சாஸ்திரம் எல்லாம் வெறும் பொய். கடலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு பகல் முழுக்க வீட்டைக் காலி செய்ய மட்டும்தான். அன்றைக்கு வஞ்சம் எனக்கு இரண்டு மடங்காகத் திரும்பியது. கூடையில் இன்னும் நான்கு சிப்பியை அதிகமாகப் போட்டேன்.

வேலி எப்படிப் போனது என்று ஊரில் பல கதை உண்டு. நடந்ததை நான் சொல்கிறேன். ஒரு தடவை பெரிய சங்கு ஒன்று கிடைத்தது, முழுசாக, கனமாக. ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கிணற்றோரக் கல்லுக்காலின் தலையில் வைத்தேன். விடியற்காலையில் உன் பெரியப்பாவின் அலறல். வேப்பங்குச்சி வாயில் இருக்க, களத்தில் நின்று கத்துகிறார். ஓடிப் போய்ப் பார்த்தேன். சங்கு நடந்துகொண்டிருந்தது கண்ணு. கல்லுக்காலிலிருந்து இறங்கி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு, அவர் களத்தின் குறுக்கே, அவரைப் பார்த்து. உனக்கு என்ன, நெட்டில் பார்த்திருப்பாய். சங்குக்குள் நண்டு குடியிருக்கும் என்பது எலப்புள்ளியில் யாருக்குத் தெரியும்? எனக்கும் அப்போது தெரியாது. அவர் அந்த நண்டிடம் கைகூப்பினார். "தம்பி! கெணத்துக்குத்தானே வந்த? நானொன்னும் வேணும்னு பண்ணுலடா. வேலிய இன்னிக்கே எடுத்துப்போடறன் சாமி, நீ திரும்பிப் போயிரு!" என்றார். என்னிடம் சொல்லாத நியாயம், பஞ்சாயத்தில் சொல்லாத உண்மை, எல்லாவற்றையும் ஒரு நண்டிடம் சொன்னார். மதியத்துக்குள் கல்லுக்கால்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த அமாவாசைக்குப் போனபோது அதே மாதிரி பத்துப் பன்னிரண்டு சங்கு கரையில் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளே நண்டு காலை இழுத்துக்கொண்டது. மணலில் உட்கார்ந்து சிரித்தேன் பார், வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஒருவர் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். நம் வீட்டுக்கு வந்த நண்டு பாவம் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்றால்தான் எடுப்பேன். நீயும் அப்படியே செய். ஒருத்தர் குடியிருக்கிற வீட்டை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. இது உன் பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

அவர் மனம் மாறிவிடக் கூடாதே என்று கிணற்றைச் சுற்றிச் சிப்பி பதித்தேன். கைப்பிடிச் சுவர் மேல் சிமெண்ட் பூசி, ஈரம் காய்வதற்குள் ஒவ்வொன்றாக அழுத்தினேன். பிறகு அவர் வீட்டுப் பக்கமிருந்து கிணற்றுக்கு வரும் பாதைக்குக் குறுக்கே ஒரு முழ அகலத்துக்குப் பட்டையாகப் பதித்தேன். கிணற்றுக்கு வர வேண்டும் என்றால் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் தாண்டவில்லை. போர் போட்டார், புகைதான் வந்தது. இன்னொரு இடத்தில் போட்டார், அதிலும் புகைதான். நம் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக்கொண்டு அவர் வாசலில் நிற்பதை நான் கிணற்றடியில் நின்று துணி துவைத்துக்கொண்டே பார்த்தேன். நிதானமாகத் துவைப்பேன். துவைத்ததையே இன்னொரு தடவை துவைப்பேன். பாவமாக இல்லையா என்று நீ ஒருமுறை கேட்டாய். இல்லை. ரோட்டுக் குழாயில் நான் குடம் வைத்துக்கொண்டு நின்றபோது அவர் இதே மாதிரிதான் ஈசி சேரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பங்குனி வெயிலில், அவர் சித்தூருக்குப் போயிருந்த நேரம் பார்த்து உன் பெரியம்மா குடத்தோடு வந்து பட்டைக்கு அந்தப் பக்கம் நின்றாள். "அம்முணி, ஒரு கொடம் சேந்திக்கட்டுங்களா?" என்றாள். வயதில் மூத்தவள் என்னை ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. வேலி போட்டது அவள் தம்பிகள். கொஞ்ச நேரம் அவளை வெயிலிலேயே நிற்க வைத்தேன், இதையும் மறைக்கவில்லை. பிறகு, "தாண்டி வந்தா தாராளமாச் சேந்திக்கலாமுங்கக்கா" என்றேன். சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் தாண்டினாள். ஒன்றும் ஆகவில்லை. குடம் நிறைந்த பிறகும் போகவில்லை. சுவர் மேல் இருந்த ஒரு ரோஸ் நிறச் சிப்பியை விரலால் தடவினாள். "இத்தன அழகாவா இருக்குது! இதுக்கா அந்த மனுசன் இப்படிப் பயப்படறாரு?" என்றாள். அதற்குப் பிறகு அவர் ஊருக்குப் போகும் போதெல்லாம் வந்தாள். தண்ணீருக்கு வந்தாளோ சிப்பிக்கு வந்தாளோ, நான் கேட்கவில்லை.

உன் பெரியப்பா மேல் நான் தீர்த்துக்கொண்ட வஞ்சத்திலேயே எனக்குப் பிடித்தது இனிமேல் சொல்லப்போவதுதான். அவர் மனைவியைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வண்ணாமடையில் பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். கரையில் இறங்கினதும் முதலில் கடலைப் பார்த்துக் கும்பிட்டாள், பிறகு சீலையை முழங்காலுக்கு மேல் செருகினாள். குதிகாலைத் திருகச் சொன்னேன். விரலுக்குக் கீழே மட்டி நகர்ந்ததும், "அய்யோ அம்முணி, என்னமோ கிச்சுக்கிச்சு மூட்டுது!" என்று கத்திக்கொண்டு என் மேலேயே விழுந்தாள். இரண்டு பேரும் நனைந்தோம். அவள் அப்படிச் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். திரும்பும்போது ஒரு சோழி கண்டெடுத்தாள், புள்ளி புள்ளியாக, பால் மாதிரி வயிறு. "இத எங்கீங்க வெக்கறது? அவரு கண்ணுல பட்டா அவ்வளவுதான்" என்றாள். அவர் கை படாத இடமாகப் பார்த்து வையுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அந்த மனுசன் கை படாத எடம் ஊட்டுக்குள்ள ஒன்னே ஒன்னுதான். அரிசிப் பான. பொறந்ததிலிருந்து அதுல கை உட்டு அளந்ததில்ல" என்றாள்.

அன்றிலிருந்து அந்தச் சோழி அவர்கள் அரிசிப் பானைக்குள்தான் இருக்கிறது. நீ பிளஸ் டூ படித்த வருஷம் அது. இத்தனை நாளாக மூன்று வேளையும் அதன் மேல் கிடந்த அரிசியைத்தான் அவர் உண்கிறார். ஒரு தலைவலி வந்ததில்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற மாதிரிதான் திரிகிறார். இதை உனக்கு எழுதலாமா என்று உன் பெரியம்மாவிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றாள்.

நேற்று மாலை மூணாறிலிருந்து உன் மாமியாரும் பேசினாள். எஸ்டேட்டில் இலை கிள்ளியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள், சுற்றி வளைக்கத் தெரியாது. "ஏன் மதினி, கெணத்தச் சுத்தி சிப்பி வச்சிருக்கீகளாம்ல? உங்க பெரியவுக போன் பண்ணி ஆகாதுன்னு சொல்லுதாக. எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல?" என்று கேட்டாள். அவர் உனக்குத் தெரியாமல் பெண் வீட்டுக்கே போன் போட்டிருக்கிறார், பார்த்துக்கொள். "அந்தக் கெணத்துத் தண்ணி குடிச்சுத்தான் உங்க மாப்ள இந்த வளத்தி வளந்தானுங்க" என்றேன். அதற்குள் உன்னவள் போனைப் பிடுங்கி, "அத்தை, கல்யாணம் முடிஞ்சதும் என்னையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போவீகளா? நான் மலையத் தாண்டி எங்கேயும் போனதில்ல" என்றாள். உனக்கு நல்ல பெண் கிடைத்திருக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போ. குதிகாலைத் திருகக் கற்றுக்கொடு. அவள் திரும்பிப் பார்த்தால் பார்க்க விடு, மடி நிறையப் பொறுக்கினால் பொறுக்க விடு, வீட்டில் எங்கே வைத்தாலும் ஏன் என்று கேட்காதே.

இனி உன் கேள்விக்குப் பதில். சிப்பியைப் பேர்க்க மாட்டேன். சிமெண்டில் பதித்தது, கடப்பாரை வேண்டும். அவருக்கு வேண்டும் என்றால் அவரே வந்து பேர்த்துக்கொள்ளட்டும், குனிந்து, கையால் தொட்டு. உள்ளேயும் இருக்க மாட்டேன். பச்சைப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன், மணவறைக்கு முன்னால், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் நிற்பேன். வெறும் நெற்றியோடுதான் நிற்பேன். என் முகத்தில் விழித்துத்தான் நீ தாலி கட்ட வேண்டும். அப்பா ஸ்தானத்தில் அவர் உட்காரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் நம் குடும்ப வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கட்டும்: மாப்பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும் தண்ணீரை, அப்பா ஸ்தானத்தில் உட்காருகிறவர்தான் வீட்டுக் கிணற்றிலிருந்து தன் கையால் சேந்திக் கொண்டுவர வேண்டும். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் அந்தப் பட்டையைத் தாண்டி வரட்டும், சேந்தட்டும். தாண்ட முடியாது என்றால் ஓரமாக நிற்கட்டும், நான் சேந்துகிறேன். எது நடந்தாலும் எனக்குச் சம்மதம். குடத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்துவிட்டேன்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. அட்சதைக்கு அரிசி மூத்த வீட்டுப் பானையிலிருந்துதான் வர வேண்டும். உன் பெரியம்மா அளந்து எடுத்துக்கொண்டு வரப்போவதில்லை. பானையையே தூக்கிக்கொண்டு வந்து, மணவறையில் அவர் மடிக்கு முன்னால் இருக்கும் தாம்பாளத்தில் கவிழ்க்கப் போகிறாளாம். அரிசியோடு அந்தச் சோழியும் விழுமே அக்கா என்றேன். விழட்டும் என்றாள். அப்போது அவரிடம் சொல்ல ஒரு வார்த்தை தயார் பண்ணி வைத்திருக்கிறாள், தினமும் என் கிணற்றடிக்கு வந்து எனக்குச் சொல்லிக் காட்டிவிட்டுப் போகிறாள்.

"ஏனுங்க, பயப்படாதீங்க. இத்தன வருசமா இதோடதான் நீங்க சோறுண்டீங்க."